பதினொரு மீட்டர் இருபதுல ஒரு ஸ்பீக்கர்

நீங்க சிரிக்கறதா இருந்தா இப்பவே சிரிச்சிடுங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வந்துடும். பேய், முனி, காத்து கருப்பு இதுலல்லாம் எனக்கு நம்பிக்கையே கெடையாது. தோட்டத்துல பொறந்து வளந்தவன்தான், ஆனா ரப்பர் காட்டுல அதப் பாத்தேன் இதப் பாத்தேன்னு அளக்கறவனுங்க மூஞ்சிக்கு நேரா "தண்ணியக் கொறச்சு அடிடா"ன்னு சொன்ன ஆளு. பாக்டரில எனக்கு எலக்ட்ரிக்கல் வேல. சாமான் ஓடலையா, ஒயரப் பாரு, பியூஸப் பாரு, அவ்ளோதான் என் வேதாந்தம்.

எனக்கு இருக்கற ஒரே கிறுக்கு ஹோம் தியேட்டர். சிகாமட்ல வரிசையா ஒட்டிக் கட்டின எங்க தெரஸ் வீட்டு ஹால்ல முன்னால மூனு ஸ்பீக்கர், சோபாவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொன்னு, தரையில 'டும்'முன்னு அதிர்றதுக்கு சப்ஊஃபர். எல்லாத்தையும் ஆட்டி வைக்கற ரிசீவர மட்டும் உசரத்துல ரேக் அடிச்சு வெச்சிருக்கேன், எங்க ஊரு வெள்ளம் அப்படி. போன தடவ தண்ணி முட்டி வரைக்கும் ஏறி சப்ஊஃபர் செத்துப் போச்சு, ரொம்ப நாளு கழிச்சுத்தான் புதுசு வாங்கினேன்.

புது ஸ்பீக்கர் வந்தா ரிசீவர மறுபடி செட் பண்ணனும். அதுக்குன்னே ஒரு குட்டி மைக் குடுப்பாங்க. அத நாம ஒக்கார்ற எடத்துல காது உசரத்துக்கு நிறுத்தி ஸ்டார்ட் அமுக்கினா, ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் "பூப் பூப்"னு சத்தம் விட்டு, அத மைக்ல கேட்டு, எது எவ்ளோ தூரம்னு அதுவே அளந்துக்கும். ஒரே கண்டிஷன், வீடு கப்சிப்னு இருக்கணும். பேன், ஏர்கான் எல்லாத்தையும் அடைச்சுட்டு பிரிட்ஜ் பிளக்கக்கூட புடுங்கிடுவேன் லா. கொஞ்சம் சத்தம் கேட்டாலும் டிவில 'சத்தம் அதிகம்'னு போட்டுட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்லும்.

அன்னைக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம். மக ஜொகூர் பாருல வேல செய்யுது, வீட்டுல நானும் என் சம்சாரம் சாந்தியும்தான். சாந்திக்கு இனிப்பு நீர், சாப்பாட்டுக்கு முன்னால இன்சுலின் ஊசி போட்டுக்கணும், போட்டா ஒடனே சாப்பிடணும், இல்லன்னா சீனி எறங்கி மயக்கம் வந்துடும். நான் ஸ்டார்ட் அமுக்கறேன், அவ மீன் பொரிக்கறா, 'சத்தம் அதிகம்'. அடுப்ப நிறுத்து, பத்து நிமிஷம்தான்னேன். "ஏங்க, ஊசி போட்டுட்டேங்க, நான் சாப்பிடணும்"னா. அது எனக்குக் காதுல விழலன்னு சொன்னா நாக்கு அழுகிடும். நல்லா விழுந்துச்சு. "பத்து நிமிஷத்துல செத்தா போயிடுவ?"ன்னேன்.

அப்பறம் கரண்டி விழுந்துச்சு, மறுபடி மொதல்லேருந்து. அப்பறம் அவ இருமினா. நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும், "இனி ஒரு சத்தம் வரட்டும், அப்பறம் இருக்கு ஒனக்கு"ன்னு. அவ பின்னால எறக்கிக் கட்டின வெளிச் சமையக்கட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்பறமும் வாசல்ல மோட்டார் சைக்கிள் போச்சு, ஐஸ்கிரீம் வண்டிக்காரன் மணி அடிச்சான், ரெண்டு தடவ கெட்டுப் போச்சு. பத்து நிமிஷம்னு சொன்னது முக்கா மணி நேரம் ஆயிடுச்சு. எனக்கு சாந்தி ஞாபகமே இல்ல.

கடைசித் தடவ எல்லாம் சரியா வந்துச்சு. நான் ஹால் மூலையில மூச்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். முன்னால மூனும் கேட்டுச்சு, சோபா பக்கத்துல ரெண்டும் கேட்டுச்சு, சப்ஊஃபர் 'டும்'முன்னுச்சு. முடிஞ்சுச்சுன்னு எந்திரிக்கப் போறேன், எனக்குப் பின்னால, சமையக்கட்டுப் பக்கமா, ரொம்ப மெதுவா "பூப் பூப்"னு இன்னொன்னு கேட்டுச்சு. அடுத்த வீட்டுலேருந்து வர்ற மாதிரி.

டிவில லிஸ்ட்டு வந்துச்சு. எல்லாத்துக்கும் கீழ, 'பின் ஸ்பீக்கர், 11.20 மீட்டர்'னு போட்டிருக்கு. நம்பினா நம்புங்க, எங்கிட்ட அப்படி ஒரு ஸ்பீக்கரே கெடையாது. ஸ்டூல் போட்டு ஏறி ரிசீவருக்குப் பின்னால டார்ச் அடிச்சுப் பாத்தேன், பின் ஸ்பீக்கருக்குன்னு இருக்கற ஓட்டையில ஒரு ஒயரும் இல்ல, தூசிதான். அலமாக், இருந்த ரிசீவரும் கெட்டுப் போச்சான்னு எனக்கு எரிச்சல். பயம்லாம் இல்ல, எரிச்சல்தான். இது எந்த எடத்த அளந்துச்சுன்னு பாத்துடலாம்னு டேப்ப எடுத்தேன்.

மைக்குக்குக் கீழேருந்து பின்னால அளந்துக்கிட்டே போனேன். டேப்பு எட்டாத எடத்துல தரையில பென்சில் கோடு போட்டு, அங்கேருந்து மறுபடி இழுத்தேன். சோபா தாண்டி, சாப்பாட்டு மேச தாண்டி, சமையக்கட்டு தாண்டி, பின் கதவத் தள்ளினேன். பதினொரு மீட்டர் இருபதுல டேப்பு முனை சாந்தி தலைகிட்ட நிக்குது. துணி தொவைக்கற மெஷினுக்குப் பக்கத்துல ஒருக்களிச்சு விழுந்து கெடக்கறா. ஒடம்பெல்லாம் வேர்வ, கண்ணு பாதி தொறந்திருக்கு, கூப்பிட்டா "ம்ம்"ங்கறா, அவ்ளோதான்.

எனக்கு உசுரு உசுரா இல்ல. சீனிய விரல்ல தொட்டு அவ ஈறுல தேச்சேன், அள்ளித் தூக்கிக் காருல போட்டேன், எந்த செவப்பு லைட்டும் என் கண்ணுல படல. ஆஸ்பத்திரில சீனி தண்ணி ஏத்தினதும் கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்தா. இன்னும் அர மணி நேரம் போயிருந்தா ஆளு திரும்பி வந்திருப்பாங்களான்னு சொல்ல முடியாதுன்னாரு டாக்டர்.

அவ கட்டில்கிட்ட ஒக்காந்து, தலை சுத்தும்போதே ஏன்டி கூப்பிடலன்னு கேட்டேன். பிஸ்கட் டின்னு கைக்கெட்டற தூரத்துலதான் இருந்துச்சாம். "மூடியத் தொறந்தா 'டப்'புன்னு சத்தம் வரும், நீங்க கத்துவீங்கன்னு அப்படியே ஒக்காந்துட்டேங்க"ன்னா. அந்த வார்டுல இருந்த அத்தன பேருக்கும் முன்னால நான் அழுதேன், வெக்கமே படல.

வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன், அந்த எடத்துல 'இல்லை'ன்னுதான் வருது. ரிசீவர் வாங்கின கடைக்காரர்கிட்ட சொன்னேன். "எதிரொலியா இருக்கும்ணே"ன்னாரு. அப்பறம் அவரே யோசிச்சு, "ஆனா ஒயர் இல்லாத எடத்துக்கு அது மீட்டரே காட்டாதே"ன்னு பேச்ச மாத்திட்டாரு. மாரியம்மன் கோயில்ல போயி நிக்கறேன், யாருக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல, யாரா இருந்தாலும் நல்லா இரு சாமின்னு கும்பிட்டுட்டு வர்றேன். தெனமும் அவ கையால சோறு வாங்கித் திங்கறேனே, அது போதும் எனக்கு. இப்பல்லாம் அவ சாப்பிட்டு முடிக்காம நான் டிவியே போடறதில்ல.

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட சொல்லியே இருக்க மாட்டேன். ஒரு மாசம் கழிச்சு, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சாந்தி சாதாரணமா கேக்கறா, "அன்னைக்கு என் காதுகிட்டயே ஒக்காந்து 'சாந்திம்மா, தூங்காத, இதோ வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, ஏங்க ஒடனே தூக்கல?"

அந்த நேரம் பூரா நான் ஹால்ல வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தேன். கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாளும் அவள 'சாந்திம்மா'ன்னு நான் கூப்பிட்டது கெடையாது. என் குரல்தானான்னு கேட்டேன். "ஒங்க குரல் எனக்குத் தெரியாதாங்க? ஆனா கோவமே இல்ல அதுல"ன்னா.

இப்ப நானும் 'சாந்திம்மா'ன்னு கூப்பிட்டுப் பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்து, கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே இல்லன்னு தலையாட்டறா. அன்னைக்குக் கேட்ட அந்தக் குரல் எனக்கு இன்னும் வரலையாம்.