காப்புக்குப் போன பூ

ஆய்வைப் பாதியில் விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே வாழ வந்தேன். என் பேராசிரியர் கொடுத்த கல்யாணப் பரிசு ஒரு நாற்று. வால்பாறை மழைக்காட்டுப் புதர்ச்செடி. இலவங்கப்பட்டைக்கும் பிரிஞ்சி இலைக்கும் பங்காளி. இலையைக் கசக்கினால் வாசம் கையை விட்டுப் போகாது. இதில் ஆண்செடி தனி, பெண்செடி தனி. நாங்கள் காட்டில் பார்த்து வைத்திருந்த புதர்களெல்லாம் ஒரு மழையில் மண்சரிவோடு போய்விட்டன. சார் வீட்டுத் தோட்டத்தில் மிஞ்சியது ஆண். என்னுடையது பூத்தால்தான் எதுவென்று தெரியும். பெண்ணாக இருந்தால் விதை கிடைக்கும். கொம்பு ஒடித்து நட்டுப் பார்த்தோம், ஒன்றும் வேர்விடவில்லை.

இந்த வெயிலில் மழைக்காட்டுச் செடியை வளர்ப்பது பைத்தியக்காரத்தனம்தான். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் தென்னை நிழலில் நட்டு, சருகு போட்டு மூடி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன். மாமியார் சிரிப்பார்.

"ஏன் அம்மணி, பூக்கவுங் காணோம், காய்க்கவுங் காணோம், இதுக்குப் போயி இத்தன சீராட்டா?"

"காட்டுச்செடிங்க அத்தை" என்பேன். அவ்வளவுதான் சொல்வேன். விட்டு வந்த படிப்பைப் பேசினால் பரிதாபப்படுவார்கள். அந்த வீம்பில் வாயை மூடிக்கொண்டேன்.

போன மார்கழிக் கடைசியில் மொட்டு வந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாருக்குப் போன் செய்தேன். "விரிஞ்சதும் லென்ஸ்ல பாத்துச் சொல்லும்மா. இங்க என்னோடதும் பூத்திருக்கு. பெண்ணா இருந்தா மகரந்தத்தோட நானே வந்துடறேன்" என்றார். அந்த நேரம் பார்த்து அவிநாசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். போய் ஓர் இரவு தங்கி, போகியன்று பொழுது சாயத் திரும்பினேன்.

போகிக்கு எங்கள் பக்கம் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் கட்டி, வீட்டு முகப்பு, மாட்டுக்கொட்டகை, தோட்டத்து மூலை என்று எல்லா இடத்திலும் செருகுவோம். ஆனால் ஆவாரை நின்ற மேடெல்லாம் கல் நட்டு, சைட் போட்டு விற்றாகிவிட்டது. பூவுக்கு எங்கே போவது?

கேட்டைத் திறக்கும்போதே அந்த வாசம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். கேட்டில், முகப்பில், கொட்டகையில், வேப்பிலைக்கு நடுவே என் செடி.

"ஆவாரம்பூ எங்கீமே சிக்கல கண்ணு" என்று வந்த அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தா உன்ற செடி மஞ்சளாப் பூத்து நிக்குது. நீ கைப்பட வளத்துனது, சாமிக்கு ஆகட்டும்னு அடியோட அறுத்துக் கட்டிப்போட்டேன். என்ன ராசி பாரு உனக்கு!"

மருமகளைப் பெருமைப்படுத்திவிட்ட சந்தோஷம் அவருக்கு. அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? 'அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா' என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடிக்கட்டை துளிர்க்கும் என்று பிறகு மாசக்கணக்கில் தண்ணீர் ஊற்றினேன். சித்திரை வெயில் விடவில்லை.

கட்டிய காப்பைக் கழற்றக் கூடாது. அன்று அத்தை உள்ளே போனதும் நாற்காலியில் ஏறி ஒரு பூவை மட்டும் கிள்ளி லென்ஸில் பார்த்தேன். நடுவில் பச்சையாகச் சூலகம். கடுகைவிடச் சிறியது. அப்போதுதான் சார் கூப்பிட்டார்.

"விரிஞ்சுதாம்மா? ஆணா, பெண்ணா?"

"பெண்ணுங்க சார்."

அவர் தன் மனைவியைக் கூவிக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. "இப்பவே பஸ் ஏறறேன்மா. பூவ யாரும் தொடாம பாத்துக்கோ."

"வராதீங்க சார்" என்றேன். "காப்புக் கட்டியாச்சுங்க."