பள்ளிக்கூடம் விடும் நேரம்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாணவிகள் வாரத்தில் சில மணி நேரம் வெளியே போய் ஊருக்கு ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்று அந்த வருடம் புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது. பொறுப்பு எங்கள் பொருளாதாரப் பேராசிரியைக்கு. "என்ன செய்யணும்னு அங்க உள்ளவங்ககிட்டயே கேளுங்க. கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

நான் சாத்தான்குளத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவள். என் தோழி உள்ளூர்க்காரி, அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். முதலில் அவள் தெருவுக்கே போனோம். சுகாதாரம் பற்றிப் பேசலாம் என்று ஈ, கொசுவெல்லாம் வரைந்து எடுத்துப் போயிருந்தோம். தோழியின் அம்மா படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தாம்ளா வரைஞ்சிருக்கிய. ஆனா எங்களுக்குக் கொசுவைவிட லாரிதான் பயம்" என்றார்.

தெருவுக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் துறைமுகத்துக்குப் போகும் சாலை. உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில்தான் அதிகம் வரும். சமீபத்தில் ஒரு சிறுமி அடிபட்டுக் கால் முறிந்து கிடந்தாள். நகராட்சியில் போய்ச் சொன்னதற்குப் பார்க்கிறோம் என்றார்களாம். அவர்கள் பார்க்கிற வரைக்கும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நாங்கள் சாலையில் நின்று லாரிகளை நிறுத்துவது என்று முடிவு செய்தோம். அந்த அம்மாவே பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கம்பில் கட்டிக் கொடுத்தார்.

முதல் நாள் கொடியோடு இருவரும் நடு ரோட்டில் இறங்கினோம். வந்த லாரி பிரேக் போட்டுக் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏளா, நடு ரோட்டுல என்ன கூத்து காட்டுதிய? அங்கன கப்பல் காத்துக்கிட்டு நிக்கி!"

தோழிதான் பேசினாள். "கப்பல் எங்கயும் ஓடிராது அண்ணாச்சி. பிள்ளைய எல்லாம் தாண்டுத வரைக்கும் நில்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் அப்படிச் சிரிக்கவில்லை. சிலர் ஹாரனை விடாமல் அடித்தார்கள். சிலர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பேராசிரியையும் ஒரு வாரம் குடையோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார்.

யாரோ ஊருக்குப் போய் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்துவிட்டார். விடுதியில் விசாரித்து, நேராகச் சாலைக்கே வந்தார்.

"உன்னைப் படிக்க அனுப்பினேனா, லாரிக்காரங்கிட்ட ஏச்சு வாங்க அனுப்பினேனா? கிளம்பு."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பிள்ளைகள் பையும் சிலேட்டுமாக வாசலில் முண்டியடித்தார்கள். தோழி அன்று காய்ச்சலில் படுத்திருந்ததால் நான் ஒருத்திதான். "அப்பா, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுக் கொடியை உயர்த்திக்கொண்டு நடு ரோட்டுக்குப் போனேன். ஒரு பக்கத்து லாரி நின்றது. மறு பக்கம் வந்ததை நான் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஓடி வந்து, இரண்டு கையையும் விரித்து அதன் முன்னால் நின்றார்.

"ஏலே, நில்லுலே! பிள்ளைய வாரது கண்ணுல படலியா?"

லாரி நின்றது. பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் நடுவே சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக வந்த ஒரு பொடிசு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள். மறு பக்கம் போன பிறகும் விடவில்லை. அப்பா குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை.

தோழியின் வீட்டில் டீ குடித்தோம். அவள் அம்மா, "உங்க மவ நிக்கதுனாலதான் அண்ணாச்சி நாங்க நிம்மதியா இருக்கோம்" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். பஸ் ஏறும்போது, "ஒத்தைல நிக்காத. ரெண்டு பக்கமும் ஆள் வேணும்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பா சொன்னதை நான் போய்ச் சொன்னதும் தோழியின் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து தெருப் பெண்களும் முறை வைத்து எங்களோடு நின்றார்கள். பரீட்சை வந்தபோது எங்களைப் போய்ப் படிக்கச் சொல்லிவிட்டு அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பரீட்சை முடிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி வழக்கம்போல் பார்க்கலாம் என்றார்.

"அதுக்குத்தான் கூப்பிட வந்தோம். ஒரு நாள் வந்து பாருங்கய்யா" என்றார் தோழியின் அம்மா.

ஆச்சரியமாக, அவர் வந்தார். கடைசிப் பிள்ளை தாண்டும்வரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். மழைக்காலம் தொடங்குமுன் பள்ளிக்கு இரு பக்கமும் வேகத்தடை போட்டார்கள். லாரிகள் அதில் ஏறி இறங்குவதைப் பார்க்கவே நானும் தோழியும் சில நாள் சும்மா போய் நின்றோம்.

அதுவரை தூத்துக்குடி எனக்குப் படிக்க வந்த ஊராக மட்டும்தான் இருந்தது. இப்போது கடைத்தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு பிள்ளை "கொடியக்கா" என்று கூப்பிடும். பேராசிரியை அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டபோது, எங்களுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி அந்தப் பெண்கள் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தார்கள்.