வெங்காயச் செடியோடு ஒரு போட்டோ

விதைக்கவும் அறுக்கவும் விவசாயிகளான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிருக்குச் சீக்கு வந்தால் யாரிடம் போவது என்பதுதான், உங்களைப் போலவே, எனக்கும் இன்னும் தெரியவில்லை.

எத்தனை டேங்க்?

குண்டடத்துப் பக்கம் என் தோட்டத்தில் சின்ன வெங்காயம் போட்டிருந்தேன். தாளெல்லாம் முறுக்கிக்கொண்டு மஞ்சளாகச் சாய்ந்தது. சில செடிகளைப் பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி உரக்கடைக்குக் கொண்டுபோனேன். துணியைப் பிரிக்கும் முன்பே கடைக்காரர் இரண்டு மருந்துப் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார். "செடியை ஒருக்கா பாருங்க" என்றேன்.

"பார்த்து என்னங்க ஆகப்போகுது? எத்தனை டேங்க் அடிப்பீங்க, அதைச் சொல்லுங்க."

துணியில் விழுந்த ஓட்டை

மருந்து அடித்தும் சீக்கு பரவியது. என் மகள் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவள்தான் விவசாயிகளுக்கான உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஊர், வட்டாரம் எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைப் பாருங்க" என்று வைத்துவிட்டார்கள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க கம்பெனில துணில ஒரு ஓட்டை விழுந்தா, மிஷின் வரைக்கும் போய்ப் பார்க்கறாங்கப்பா. உங்க வெங்காயத்தைப் பார்க்க ஒரு ஆள் இல்லியா?"

சிரிங்க ஐயா

அந்த அலுவலர் ஒருநாள் ஊருக்கே வந்தார். செடியோடு முதல் ஆளாக நின்றேன். "நெஞ்சுக்கு நேராப் பிடிங்க, கொஞ்சம் சிரிங்க ஐயா" என்றார். வெட்கக்கேடு, சிரித்தேன். அவர் செடியைச் சுட்டிக் காட்டுவதுபோல் நிற்க, கூட வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். "என்ன சீக்குங்க?" என்று கேட்பதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"அடுத்த ஊருல காத்திட்டிருக்காங்க. போட்டோ வாட்ஸ்அப் குரூப்புல வரும், பாத்துக்குங்க."

மறைத்த மருந்து

சொன்னபடி போட்டோ வந்தது. கீழே, 'விவசாயிக்கு நோய் மருந்து பற்றி விளக்கப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமிக்கும் அதே சீக்கு. அதைப் படித்துவிட்டு மருந்துப் பேர் கேட்டு வந்தான். யாரும் சொல்லவில்லை என்றேன். "உங்க வெங்காயம் மட்டும் வந்தாப் போதும்ங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், டீக்கடையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

கடைசியில் டிராக்டர் விட்டு வெங்காயம் முழுவதையும் உழுதேன். பழனிச்சாமி வரப்பில் வந்து நின்றான்.

"அப்போ நெசமாவே உங்களுக்கும் சொல்லலீங்களா, மாமா?"

வெங்காயத்தை மண்ணோடு மூடிவிட்டேன். குரூப்பில் சிரித்துக்கொண்டிருக்கும் என்னை அங்கிருந்து எடுக்கச்சொல்ல யாரிடம் போவது என்பதுதான் தெரியவில்லை.