முனையில இறங்கணும்

சத்துர்னீனா சோக்கேயை எங்கள் லா பாஸ் நகர ஆஸ்பத்திரியில் யாருக்கும் பிடிக்காது; கூட வேலை பார்க்கும் எனக்கும்தான். தீக்காய வார்டு நர்ஸ் அவள். பெற்றவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பிள்ளைகளிடம் மட்டும் அந்த வாய் தணிந்துவிடும்.

அன்று கட்டுப் பிரிக்க வந்தவள் ஐந்து வயது நைரா. கொதிக்கும் நிலக்கடலைச் சூப்பைக் கையில் கொட்டிக்கொண்ட பிள்ளை. வலி மருந்து ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மினிபஸ் ஓட்டும் அவள் அப்பன் ஃபெர்மீன் சும்மா இருக்காமல், "அழுதேன்னா இந்த நர்சம்மா பெரிய ஊசியா குத்திருவா" என்றான்.

சத்துர்னீனா கையை எடுத்துவிட்டாள். "யோவ், என்னைப் பூச்சாண்டி ஆக்கிட்டே. இனி நான் தொட்டா அது அலறும். நீயே பிரி."

"நானா? வெளியே வண்டி நிக்குது."

"நிக்கட்டும்." கட்டை ஊறவைக்கும் ஈரத்துணியை அவன் கையில் திணித்துவிட்டு நைராவிடம் குனிந்தாள். "கண்ணு, வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். தாங்க முடியலேன்னா, அப்பா பஸ்ல இறங்கறவங்க சொல்றதை நீ சொல்லு. அவரு நிறுத்தியே ஆகணும்."

"இப்படி நிறுத்தி நிறுத்திப் பிரிச்சா என்னிக்கு முடியறது?" என்று முனகிக்கொண்டே ஃபெர்மீன் கட்டை வெடுக்கென்று இழுத்தான்.

நைரா அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "டிரைவரே, முனையில இறங்கணும்."

அவன் கை நிற்பதற்கு முன்பே, அங்கே இல்லாத பிரேக்கை அவன் வலது கால் ஓங்கி மிதித்தது.

சத்துர்னீனா சிரிக்கவில்லை. "உன் காலுக்கு இருக்கிற புத்தி வாய்க்கு இல்லையேய்யா" என்றாள்.