கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி

புளியங்குடிக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் எலுமிச்சைத் தோட்டம் உண்டு. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக்குப் போய்வருவது என் பொறுப்பு.

ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த சமயம். மலைப்பக்கமிருந்து காற்று விடாமல் அடித்தது. காய்ந்த கொப்புகளை வெட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இழுத்துப் பிடித்திருந்த ஒரு கொப்பு கைநழுவி வந்து இடது கண்ணில் அறைந்தது. முள் கீறியதை உணர்ந்தேன். பம்புசெட் தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு, மிச்ச வேலையையும் முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மறுநாள் கண் சிவந்திருந்தது. மருந்துக்கடையில் நானாகவே சொட்டு மருந்து கேட்டு வாங்கிப் போட்டேன். சிவப்பு குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை டியூப் லைட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை, கண்ணீர் கொட்டியது.

அடுத்த வீட்டு அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைக்கிறார். கொடியில் துணி எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏட்டி, கண்ணுல என்னது அது? சோத்துப் பருக்கை ஒட்டுன மாதிரி வெள்ளையா இருக்கு?"

கண்ணாடியில் பார்த்தேன். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. லாத்தா உடனே தன் வீட்டுக்குள் போனார். மிஷினை மூடி வைத்துவிட்டு ஆட்டோவுக்குச் சொன்னார்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை என்றார். நான் போட்டுக்கொண்டிருந்த மருந்துப் புட்டியை வாங்கிப் படித்தார்.

"இதை இன்னையோட நிறுத்திருங்க. இது சிவப்பை அமுக்கும், ஆனா உள்ள பூஞ்சையை வளர விட்டுரும்."

திட்டவில்லை. அதுவே எனக்கு அதிகம் உறைத்தது. மணிக்கு ஒரு முறை விடச் சொல்லி வேறு சொட்டு மருந்து எழுதினார். கூடவே ஒரு மாத்திரை. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். முன்பு ஒரு காய்ச்சலுக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

"இது பூஞ்சைக்கும் கேக்குமா டாக்டர்?"

"இது பூஞ்சைக்கு இல்லம்மா. உங்க உடம்பைக் கொஞ்சம் அடக்கி வைக்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு தாளில் வரிவரியாகக் கோடு போட்டுக் காட்டினார். கருவிழி நுண்ணிய நார்களால் ஆனது. அடிபட்ட நாரை வெட்டி அப்புறப்படுத்த உடம்பே சில என்சைம்களைச் சுரக்கும். பழையதை வெட்டினால்தான் புதியது கட்ட முடியும். பிள்ளை பெற்ற பிறகு கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்குவதற்கும் அவை வேண்டும். ஆனால் பூஞ்சையும் வீக்கமும் சேர்ந்துவிட்டால் அந்த என்சைம்கள் அளவு தெரியாமல் வெட்டும்; நல்ல நாரும் கரைந்து போகும்.

"அப்படியே விட்டா கருவிழி மெலிஞ்சு ஓட்டை விழுந்துரலாம். இந்த மாத்திரை அதோட வேகத்தைக் குறைக்கும்."

என் கண்ணை நானே கரைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. லாத்தாவுக்கு வேறு சந்தேகம்.

"அப்ப என் முட்டு தேயுததும் அந்தக் கழுதையாலதானா?"

டாக்டர் சிரித்தார். "அதுக்கும் பங்கு உண்டு. அதுக்காக இவங்க மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டுராதீங்க."

பள்ளிக்கூடத்தில் லீவு சொன்னேன். லாத்தா தன் செல்போனில் மணிக்கொரு அலாரம் வைத்தார். அது அடித்ததும் சுவருக்கு அந்தப்பக்கம் மிஷின் சத்தம் நிற்கும். நொண்டிக்கொண்டே வருவார். "தலையைத் தூக்கு. சிமிட்டாத பிள்ள." நூல் ஒட்டிய கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் என் கண்ணைத் தொடுவார். ஐந்து நாள் எந்த மாற்றமும் இல்லை. ஆறாம் நாள் டாக்டர், "பரவுறது நின்னிருக்கு" என்றார். லாத்தா என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

கணவரிடம் சொல்லவில்லை. அத்தனை தூரத்திலிருந்து அவர் என்ன செய்வார்? வீடியோவில் பேசும்போது வலது பக்கத்தை மட்டும் காட்டினேன். மூன்றாவது வாரம் புண் மூட ஆரம்பித்ததும் சொன்னேன். அவர் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"எங்கன, காட்டு" என்றார். காட்டினேன். "நீ மூஞ்சியத் திருப்பித் திருப்பிப் பேசுததப் பாத்து, தோட்டத்தை வித்துருவோம்னு நான் சொன்னதுக்குக் கோவமா இருக்கன்னு நெனச்சேன். மூணு வாரமா அதையே யோசிச்சிட்டுக் கெடக்கேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுதால் கண் எரியும் என்று அடக்கிக்கொண்டேன். தோட்டத்தை விற்கும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை.

ஆடி மாதக் கடைசியில் டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். புண் ஆறித் தழும்பாகிவிட்டதாம். அந்தத் தழும்பையும் அதே என்சைம்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் திருத்திக் கட்ட வேண்டும். "இனி அதுங்க பாட்டுக்கு வேலை செய்யட்டும்" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் எதைக் கண்டு பயந்தேனோ அதை நம்பித்தான் இனி இருக்க வேண்டும். நாளடைவில் அது பழகிவிட்டது.

தீபாவளி சமயத்தில் வலது கண்ணை மூடினால் எல்லாம் பால் கலந்த தண்ணீர் வழியாகத் தெரிவது போலிருந்தது. மார்கழியில் பஸ் போர்டு படிக்க முடிந்தது. செய்தித்தாள் எழுத்து இன்னும் அந்தக் கண்ணுக்குப் பிடிபடவில்லை; முழுக்கத் திரும்பாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வேறு கருவிழி வைக்கும் அவசியம் இப்போதைக்கு இல்லையாம்.

கடைசியாக டாக்டரிடம் போனபோது, எழுத்து அட்டையை இடது கண்ணால் வாசித்துக் காட்டிவிட்டு வந்தேன். லாத்தா வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

"எத்தனை வரி வாசிச்ச?"

"அஞ்சு."

"போன தடவை?"

"மூணு."

"சரி, வா, டீ குடிப்போம்" என்று சுவரைப் பிடித்து எழுந்தார்.