ஹம்டானின் மாம்பழ வாசம்

குப்பியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் ஹம்டான். குலுக்குகிறார். அடியில் ஏதாவது படிகிறதா என்று காத்திருக்கிறார். மூடியைத் திருகி முகர்கிறார். அதன் பிறகுதான் திரவம் வேப் என்னும் மின்சிகரெட்டுக்குள் இறங்குகிறது.

"எந்தப் படுபாவி எந்தக் குசினியில கலக்கினானோ."

தலை நரைக்கும்வரை சிகரெட் பிடித்தவர். ஒரு சிகரெட்டைக்கூட இப்படிச் சோதித்ததில்லை.

தைப்பிங் பேருந்துப் பட்டறையில் பிரேக் வேலை அவருக்கு. பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பக்கத்துக் குழியில் நான். ஹம்டானோ, புதிதாக வரும் சாமானெல்லாம் போலி, வானிலை அறிக்கை பொய், கடைக்காரன் கோப்பியில் தண்ணீர் சேர்க்கிறான் என்பவர். அவரே மின்சிகரெட்டுக்கு மாறியது சின்ன மகளால். அவளுக்கு மூச்சிழுப்பு நோய். ஒரு மழைநாளில் தூக்கப் போனபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாளாம். அதைச் சொன்னபோது மட்டும் அவர் யாரையும் குறை சொல்லவில்லை.

ஒரேயடியாக விடவில்லை. முதலில் வேலை நேரத்துச் சிகரெட் போனது. பிறகு சாப்பாட்டுக்குப் பின்னால் பிடிப்பது போனது. வீட்டுக்குள் எந்தப் புகையும் இல்லை என்றானது. காலைக் கோப்பியோடு பிடிப்பது மட்டும் அசையவில்லை.

"அத மட்டும் கேக்காத, தேவா. அது இல்லன்னா வயிறே இளகாது," என்றார் என்னிடம்.

அப்போதுதான் மனைவி ரொஹானா துவைக்கப்போன சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"சிகரெட்டுன்னா அது உங்க நாத்தம், எனக்குத் தெரியும். இந்த மாம்பழ வாசம் யாரோடது, பாங்?"

'பாங்' என்றால் அண்ணன்; மனைவியும் கணவரை அப்படித்தான் கூப்பிடுவார். ஹம்டான் வேப்பைக் காட்டினார். ரொஹானா நம்பவில்லை. இவர் புகையிலை வாசமுள்ள குப்பிக்கு மாறினார். "மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்று அதற்கும் கேள்வி வந்தது. இரண்டு நாள் தனியாகச் சாப்பிட்டார்.

"பேசாம ரெண்டையும் விட்டுடுங்களேன், பாங்," என்றேன்.

"விட்டா, எதை மறைக்க விட்டீங்கன்னு கேப்பா."

மறுபடி மாம்பழத்துக்கே திரும்பினார். கோப்பி நேரத்துச் சிகரெட்டையும் போன மாதம் விட்டொழித்தார். முதல் வாரம் எங்கள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் இப்போது அவர் மடியில் உட்காருகிறாளாம். அதையும் "அவங்கம்மா சொல்லி அனுப்பியிருப்பா, வேவு பார்க்க," என்கிறார்.

நேற்று மாலை ரொஹானா பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். ஹம்டான் அப்போதுதான் ஒரு இழுப்பு இழுத்திருந்தார். கையை நீட்டினார் ரொஹானா. ஹம்டான் வேப்பைக் கொடுத்தார். ரொஹானா அதை எங்கள் எல்லோர் முன்னிலையிலும் வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் நீர் வரும்வரை இருமினார்.

"த்தூ. இதுக்கா இவ்வளவும்?"

முக்காட்டு நுனியால் அதன் வாயைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கணவரை மேலும் கீழும் பார்த்தார். யாரும் கேட்காமலேயே ஹம்டான் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். ரொஹானா அவருடைய பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.