எந்த மூட்டை நான்?

கார் விற்பவன் காரைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட, வாங்க வந்தவர் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எதையாவது விற்கப் போய்த் தொண்டை கட்டிய அன்பர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு பழைய கார்க் கடையில் சேர்ந்தேன். புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் எங்களிடம் வருவார்கள். அப்போது கடையில் இருந்தவை இரண்டே கார்கள். கறுப்பு, பெரியது; பச்சை, சின்னது. கோலார் தங்கவயலில் அப்பா இறங்கிய சுரங்கத்தில் எனக்கும் ஒரு வேலை தயாராக இருந்தது. எனக்கோ இருட்டென்றால் பயம். முதலாளி பாய் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆயுத பூஜைக்குள்ள ஒண்ணு வித்தா வேலை பர்மனெண்ட். இல்லேன்னா கோலாருக்கு ரயில் ஏறிடு தம்பி."

படுத்துப் பார்த்தவர்

பூஜைக்கு மூன்று வாரம் இருக்கையில் சேஷாத்ரி சார் வந்தார். மைசூர் சர்க்காரில் பாலம் கட்டி ரிடையரான இன்ஜினீயர். கையில் டேப்பும் நோட்டும். பஞ்சகச்சத்தோடு தரையில் படுத்து, இரண்டு கார்களுக்கு அடியிலும் அளந்தார். குதிரைசக்தி, கியர், எத்தனை அடியில் திரும்பும், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு மார்க் எழுதினார்.

அவர் கேட்டதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "இது பெருசு சார், அது சின்னது" என்றேன். தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்தவர் சொன்னார்: "அதை நான் பஸ்லேர்ந்து இறங்கறச்சயே பாத்துட்டேன்."

தலைப்பாகை

மறுநாள் உட்கார்ந்து பார்க்க வந்தார். ஜரிகை வைத்த மைசூர் தலைப்பாகை தலையில். பெரிய காரில் கம்பீரமாக உட்கார்ந்தார். சின்ன காரில் கூரை தலைப்பாகையை அழுத்த, அது கண்ணை மறைக்க, ஸ்டீயரிங் எங்கே என்று கையால் தடவினார்.

"கழட்டி மடியில வெச்சுக்குங்க சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நோட்டில் பச்சைக்கு ஒரு பெரிய பூஜ்யம் விழுந்தது. "மகாராஜா முன்னாடியே கழட்டாததை, உன் கார் முன்னாடி கழட்டணுமா?"

ஒரு கேலன்

அடுத்தது பெட்ரோல் பரீட்சை. டாங்கியைக் காலி செய்து ஒரே ஒரு கேலன் ஊற்றி, வண்டி நிற்கும்வரை ஓட்ட வேண்டும். பெரிய காரில் சார், மாமி, இரண்டு பெண்கள், மூன்று பேரப்பிள்ளைகள், ஓட்டியது நான். ஆனேக்கலைத் தொட்டுத் திரும்பும் வழியில் நின்றது. அதற்குள் குழந்தைகள் மூவரும் வாந்தி எடுத்திருந்தார்கள். சின்ன காரில் ஏற வீட்டில் ஒருவரும் தயாராயில்லை.

பாரம் சமமாக இருக்க வேண்டுமே! சார் விடவில்லை. குடும்பத்தையே அரிசி மண்டிக்கு அழைத்துப் போய்த் தராசில் நிறுத்தினார். ஒவ்வொருவர் எடைக்கும் ஒரு மூட்டை மணல் கட்டிக் காரில் ஏற்றினார். மாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "ஏன்னா, இதுல எந்த மூட்டை நான்?"

சார் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கிளப்பச் சொன்னார். பச்சைக் கார் எட்டு மைல் கூடுதலாக ஓடியது.

பூஜைக்கு முதல் நாள்

சார் மார்க்கைக் கூட்டினார். இரண்டு காருக்கும் சமம்! மறுபடி கூட்டினார், அதேதான். "தீபாவளிக்கு அப்புறம் இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்" என்று நோட்டை மூடினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் தன் நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கோலார் ரயில் நேரத்தை நினைத்துக்கொண்டேன்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த மாமி விறுவிறுவென்று வந்து, கறுப்புக் கார்க் கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்து, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார். "அதுல போனது மணல். மனுஷியா நான் போனது இதுலதான். இதையே வாங்குங்கோ."

சார் மறுபடி நோட்டைத் திறந்து புதிதாக ஒரு கட்டம் போட்டார். எட்டிப் பார்த்தேன், மாமியின் பெயர் இருந்தது: 'கமலா, நூறு மார்க்.' மறுநாள் கறுப்புக் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தோஷத்தில் ஹாரனை அடித்துக்கொண்டே அவர்கள் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். பாய் சொன்னது அதைவிட இனிப்பு: "தம்பி, பச்சைக் கார்ல இருக்கற அந்த மணலையெல்லாம் கொட்டிட்டு, நாளையிலேர்ந்து பர்மனெண்ட்டா வா."

அதற்குப் பிறகு முப்பது வருஷம், இரண்டில் எந்தக் கார் நல்லது என்று யார் வந்து கேட்டாலும், நான் முதலில் கேட்டது, "வீட்டம்மா வரலையா சார்?"